சராசரி வேகம்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு
பதினோரு பேர் கூடி நின்ற பெட்ரோல் பங்கில்
இன்று நானும்
காற்றடிக்கும் பையனும்.

மற்றவர்கள் ஓட்டாமல் இல்லை.
இதே வழியாகத்தான் போகிறார்கள்,
விரல் பருமன் டயரில்,
கிடாக்கொம்பு போல் வளைந்த கைப்பிடியைக் குனிந்து பிடித்து.
சூளகிரி தாண்டி ஒரு டீ,
ஒன்பதுக்குள் வீட்டில் தோசை.
"இன்னும் எத்தனை நாள் அமலா
அந்த எருமைய ஓட்டுவ?"
திப்பேசன் கேட்கிறான், நிற்காமல்.

எருமைக்குப் பதினாலு கிலோ.
முன்னால் ஒரு ஸ்பிரிங்.
இருபத்தோரு கியரில்
பதினெட்டு இன்னும் விழுகிறது.

ஓசூரில் மலை சைக்கிள் ஆசை
ஏன் இப்படி வடிந்தது?
ஜெயவேலு முட்டியைச் சொல்கிறார்.
ஷபீனா யானையைச் சொல்கிறாள்;
ராகி அறுப்பு முடிகிறவரை
வனத்துறைப் பலகையும் அவள் கட்சி.
திப்பேசன் ஒன்றும் சொல்வதில்லை.
பாகலூர் ரோட்டில் மூன்றாவது மாடி பால்கனியில்
அவன் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன்:
கைப்பிடியில் குழந்தை ஜட்டிகள்,
சீட்டில் ஈரப் போர்வையின் ஒரு முனை.

எனக்கென்னவோ போன்மேல்தான் சந்தேகம்.
நெடுஞ்சாலையில் அது இருபத்தெட்டு என்கிறது,
மலையில் ஏழு.
ஏழு என்று ஊருக்குக் காட்ட
யாருக்கு மனசு வரும்?
தெருநாய்க்கே எட்டு இருக்கும்.

எண்களோடு எனக்குப் பகை கிடையாது.
சிப்காட்டில் பற்சக்கரத்தின் பல்லை
மைக்ரான் கணக்கில் அளக்கிறவள்.
ஆறு நாள் அளந்தது போதாதா?

கெலமங்கலம் தாண்டி
தக்காளித் தோட்டம் முடிகிற இடத்தில்
மண்பாதை.
முதல் வளைவிலேயே மஞ்சள் கல் நட்டு
மனை பிரித்திருந்தார்கள்.
சுற்றிப் போனேன்.
கைவிட்ட கல்குவாரி, பச்சைத் தண்ணீர்,
அதற்கு மேலே பாதையை உண்ணிச்செடி மூடியிருக்க
நடுவில்
ஒரு தடம்.

தடித்த டயர்.
நேற்றைய மழைக்குப் பின் பதிந்தது, ஓரம் இன்னும் உதிரவில்லை.
மனசு குதித்ததை ஏன் மறைக்க?
யாரோ இருக்கிறார்கள்,
எந்தக் குழுவிலும் சேராமல்,
எவருக்கும் எண் காட்டாமல்.
அந்தத் தடத்தின் மேலேயே
முதல் கியரில் ஏறினேன்.

பின்னால் புகை வாசம்.
டிவிஎஸ் எக்ஸெல்.
இரண்டு பால் கேன், ஒரு தவிட்டு மூட்டை,
மூட்டைமேல் ஆட்டுக்குட்டி,
வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்.
அவர் டயர்தான்.
"கியர் இருக்குதா இதுல?"
"இருபத்தொண்ணு."
"இதுல ஒண்ணுகூட இல்ல" என்றார்,
பெருமையாக அல்ல, தகவலாக.
வளைவு வரைக்கும்
ஆட்டுக்குட்டி மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சிரித்ததில் முன்சக்கரம் கல்லேறி
உண்ணிச்செடிக்குள் விழுந்தேன்.

இறக்கம் மூன்று நிமிஷம்.
அதை எழுத எனக்கு வராது.
பிரேக்கில் இரண்டு விரல்,
உடம்பு சீட்டுக்குப் பின்னால்,
ஒவ்வொரு கல்லும் முழங்கை வரை ஏறி வந்து
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்.
அடிவாரத்தில் செயின் அறுந்தது.

திங்கட்கிழமை, கேன்டீன்.
திப்பேசன் போனை நீட்டினான்: எழுபத்திரண்டு கிலோமீட்டர்.
"நீ?"
"மலைல ஆறு."
அதற்கப்புறம் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர்
எருமை என் தோளில் வந்ததைச் சொல்லவில்லை.

அவன் சிரித்தான். சாம்பாரைக் கிளறினான்.
என் முழங்கைக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"அந்தக் குவாரி இறக்கம்
இன்னும் இருக்குதா?"

வாய் நிறையத் தயிர்ச்சாதம்.
தலையை மட்டும் ஆட்டினேன்,
எப்படி வேண்டுமானாலும் அவன் எடுத்துக்கொள்ளும்படி.