உறவுமுறை

இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகி
பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.
எக்ஸ்ரே வருமுன்னே தெரிந்துவிடும் எங்களுக்கு,
தொடையெலும்பின் கழுத்து போய்விட்டதென்று.

முப்பிடாதி, எழுபத்து நாலு, மானூர்ப் பக்கம்.
கூட வந்தவள் உலகம்மாள்.
உடனிருப்பவர் சீட்டில்
உறவுமுறை என்றொரு கட்டம்.
"இவங்களுக்கு என்ன வேணும் நீங்க?"
முந்தானை நுனியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.
"அவிய கெட்டுன ரெண்டாவது" என்றது
கட்டிலில் இருந்து ஒரு குரல்.
"நான் மூத்தவ."

அவிய போய்ப் பதினோரு வருஷம்.
கட்டத்தில் தங்கை என்று எழுதினேன்.

எப்படி விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார்.
விடியக்காலம் நாலு மணி,
குழாயில் தண்ணி வருகிற நேரம்,
அடுக்களை வாசலில் ஈரம்.
ஈரம் யார் கொட்டியது என்று
அவர் கேட்கவில்லை.
ஊர் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமைப் பட்டியலில் பெயர் இருந்தது.
நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணியும் கூடாது.
மத்தியானம் ஒரு மணிக்கு
பொட்டாசியம் குறைவென்று திருப்பி அனுப்பினார்கள்.
புதன்கிழமையும் பட்டினி.
அன்றைக்கு ரத்தம் கிடைக்கவில்லை.
இரண்டு நாளும்
கட்டிலுக்கடியில் இட்லிப் பொட்டலம்
நூல் பிரியாமல் கிடந்தது.
"அவ பாத்துக்கிட்டுக் கிடக்கையில
எப்படி முழுங்க?" என்றாள் உலகம்மாள்.
பாசமா பயமா,
பதினாறு வருஷ நர்ஸ் வேலை
எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை பாதி மூட்டை மாற்றினார்கள்.
திருப்பூர் மகன் போனில்
"நீங்களே பாத்துச் செய்யுங்க மேடம்" என்றான்.
சம்மதத் தாளில் முப்பிடாதி தானே
பேர் எழுதினாள்,
ப்-க்குப் புள்ளி வைக்காமல்.

இரண்டாம் ராத்திரி புத்தி தடம் மாறியது.
வயசாளிகளுக்கு வருவதுதான்.
கையைக் கட்டக் கூடாது.
விளக்கைப் போட்டு, கிழமையைச் சொல்லி,
இது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி என்று
சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.
சொன்னேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.
"எளா, அவிய வந்திருக்காவ.
கால்மாட்டுல நிக்காவ. சேலைய இழுத்துப் போடு."

கால்மாட்டில் குளுக்கோஸ் மாட்டும் கம்பி நின்றது.

தரையில் படுத்திருந்த உலகம்மாள் எழுந்தாள்.
சேலையை இழுத்துப் போட்டாள்.
வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"யாரப் பாக்க வந்தாவளாம்?"

பதில் இல்லை.
நாடி நூற்றுப் பத்து என்று குறித்தேன்.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினோம்,
முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து.
இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா என்று
செல்போன் வெளிச்சத்தில்
தடவித் தடவிப் பார்த்தாள்
முப்பது வருஷம் ஒரு சுவருக்கு
அந்தப் பக்கம் படுத்திருந்தவள்.
"கை குளுருது மூதி" என்றாள் முப்பிடாதி.
அன்றைக்குத்தான் புத்தி தெளிந்தது.
ராத்திரி யார் வந்தது என்று கேட்டால்
ஞாபகம் இல்லையாம்.
சொன்ன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

வாக்கரைப் பிடித்து நாலு எட்டு நடந்தாள்.
பின்னால் ஒரு சாண் இடைவெளியில்
தொடாமல் இரண்டு கைகள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்
தாளை உரக்க வாசித்தேன்.
குத்தவைக்கக் கூடாது.
சம்மணம் போடக் கூடாது.
கால்மேல் கால் கூடவே கூடாது.
ராத்திரி விளக்கு எரிய வேண்டும்.
தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள்.
மற்றவள் குனிந்து
வாக்கர் கால்களின் ரப்பரை
ஒவ்வொன்றாக
அழுத்திப் பார்த்தாள்.