முந்நூற்று இருபது புள்ளி அகலம்

மடிக்கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
சுங்கை சிப்புட், டயர் கடைக்கு மேல்மாடி அறை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
கீழே சிக்னலில் நின்று உறுமும்போது
திரையும் கூடச் சேர்ந்து கொஞ்சம் நடுங்கும்.
உலாவியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவேன்:
மூன்று பத்தி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்,
பட்டியல் சுருண்டு மூன்று கோடாகி
மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை
என்று அன்றைக்கு நினைத்தேன்.

சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கம் அது.
வாரம் மூன்று நாள் இரத்தம் கழுவத்
தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்
வேனுக்குப் பதிய ஒரே ஒரு பொத்தான்,
மூன்று மொழியில்.
மலாய் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்தது.
ஆங்கிலம் காலை நீட்டிப் படுத்தது.

வேன் ஓட்டும் குணாளனிடம் கைப்பேசி வாங்கினேன்.
ஐந்து வருடப் பழசு,
கீழ் வலது மூலையில் விரிசல், அதன்மேல் செலோடேப்.
'முன்பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று
நான் எழுதி வைத்த பொத்தான்
'முன்பதிவு செய்துகொள்' வரை வந்து
விளிம்பில் அறுந்திருந்தது.
மரியாதை மட்டும்
கண்ணாடிக்கு வெளியே எங்கோ.

எட்டிப் பார்த்தார் குணாளன்:
"என்ன தங்கச்சி, அதட்டுது?"

மேலாளர் தவசீலன் போனில் சொன்னார்,
"தமிழை எடுத்துடுங்க, எல்லாருக்கும் மலாய் தெரியும்."
தெரியும்தான். எனக்கும் தெரியும்.
பதில் சொல்லாமல் எழுத்தைச் சிறிதாக்கினேன்.
பதினாறு. பதினான்கு. பன்னிரண்டு.
பன்னிரண்டில்
ள் தலையில் இருப்பது புள்ளியா
குணாளன் திரையின் தூசியா
என்று சொல்ல முடியவில்லை.

பேருந்து நிலைய வெயிலில் பார்த்தேன்:
இளநீலப் பின்னணி வெறும் வெள்ளையானது.
தோட்டத்துச் சாலையில் பார்த்தேன்:
பனை வரிசைக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு கோடு,
பிறகு அதுவும் இல்லை.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
தே ஓ வாங்கிக் குடித்து முடிக்கும்வரை.

வெள்ளிக்கிழமை நிலையத்துக்கே போனேன்.
மரகதவல்லி, நாற்பத்தாறு வயது,
கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டியவர்.
வலக்கையில் இரண்டு ஊசி, அசைக்கக்கூடாது.
இடக்கையில் கைப்பேசி,
வேலைக்கு அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான்.
என் பொத்தானோ
வலது கோடியில், விரல் எட்டாத தூரத்தில்.
கைப்பேசியை வயிற்றில் சாய்த்து,
மோவாயால் தாங்கி,
மூக்கால் ஒரு முறை முயன்றார். சிரித்தார்.
"வேன் வேணும். அவ்வளவுதானே?
அதுக்கு ஏன் இவ்வளவு நீளமா எழுதி வெச்சிருக்கீங்க?"

அன்றிரவே பொத்தானை இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரைவரை இழுத்துப் படுக்கவைத்தேன்.
'வேன் வேண்டும்.'
முந்நூற்று இருபதில் அடங்கியது,
இருபுறமும் மூச்சுவிட இடம் விட்டு.
வாசல் காவலர் தீபேந்திராவின் போனில் மட்டும்
கொம்பு தனியே கழன்று
ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கியது.
அவருக்கு அது பிழை என்று தெரியவில்லை,
நன்றாயிருக்கிறது என்று கட்டைவிரல் காட்டினார்.

திங்கள் காலை ஏழு பதிவுகள்.
அவற்றில் நான்கு ஒரே எண்ணிலிருந்து,
ஒரே நிமிடத்தில்.
மரகதவல்லி.
அழுத்தியதும் நிறம் மாறவில்லை,
வந்து சேர்ந்தது என்று ஒரு சொல் இல்லை.
இருட்டில் கதவு தட்டுகிற மாதிரி
தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

குணாளன் கேட்கிறார்,
நாலு பேருக்கு இடம் விடணுமா என்று.
ஒரு ஆள்தான், அண்ணே.
இதோ, திறந்து பார்க்கிறேன்.