ஐந்தாவது ஏன்

வின்னிபெக், ஜனவரி. வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
சில்லுக் கதிரை திருத்தும் கூடத்தில்
வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிற்கிறேன்,
கையில் காய்ந்துபோன பச்சை மார்க்கர்.

மேலிடம் சொன்னது இவ்வளவுதான்:
ஒரு கதிரை உள்ளே வந்து திரும்பிப் போக
இருபத்து மூன்று நாள். அதைப் பன்னிரண்டாக்கு.
ஏப்ரலுக்குள்.
ஆள் கூட்டமாட்டார்கள். காசும் இல்லை.
பீற்சா வாங்கலாம், ஒருதரம்.

முதற் கிழமை பார்ப்பது மட்டும் வேலை.
நிறுத்தற் கடிகாரத்தோடு ஒறெஸ்ற்றின் பின்னால் நடந்தேன்.
முப்பது வருடமாய்ப் பிறேக் பூட்டுகிறவன்.
"மூத்திரத்துக்குப் போறதையும் எழுதுவியோ?" என்றான்.
எழுதினேன். நாலு நிமிடம்.

தரைப்படம் கீறி
கதிரை போன வழியெல்லாம் சிவப்புக் கோடு இழுத்தேன்.
முடிவில் அது
தட்டில் பிழிந்த இடியப்பம் போலக் கிடந்தது.
எர்லிண்டா எட்டிப் பார்த்தாள்.
"இதில நான் எங்க?"
சிக்கல் ஆகத் தடித்த இடத்தில் விரலை வைத்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

கணக்கு இப்படி வந்தது:
இருபத்து மூன்று நாளில் கதிரையில் கை பட்ட நேரம்
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
மிச்சமெல்லாம் அது சும்மா இருந்தது.
இங்கே ஆளில்லாமல் ஒரு கதிரை இருந்தால்
எங்கோ கதிரையில்லாமல் ஓர் ஆள் கிடக்கிறார்.
இதைப் பலகையில் எழுதவில்லை.
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

செவ்வாய் மத்தியானம் பீற்சா வந்தது.
ஏன் என்று ஐந்துமுறை கேட்கவேண்டும், அதுதான் முறை.
பாடப் புத்தகத்தில் அப்படி. குழந்தைகளும் அப்படி.

கதிரை ஏன் நிற்கிறது? உதிரிப்பாகம் வரவில்லை.
அது ஏன்? கேட்டு அனுப்பவே பிந்திவிட்டது.
ஏன் பிந்தியது?
"மஞ்சள் தாள்," என்றார்கள் நாலு பேரும் ஒரே வாயில்.
மூன்று கையெழுத்து வேண்டும்,
மூன்றாவது ஆள் இந்தப் பக்கம் வருவது வியாழனில் மட்டும்,
அவர் விடுமுறை எடுத்தால் அடுத்த வியாழன்.
சரி, ஏன் மூன்று?
ஒறெஸ்ற் மென்றபடியே சொன்னான்:
எட்டுப் பற்றரி களவுபோன வருடம் வந்த சட்டம் அது.

பற்றரிக்குப் போட்ட பூட்டு
மூன்று டொலர் ஆணிக்கும் ஏன்?

எவருக்கும் தெரியவில்லை.
எர்லிண்டா எழும்பிப் போய்ப் பழைய கோவையை எடுத்து வந்தாள்.
சீஸ் ஒட்டிய விரலால் புரட்டினாள்.
'செயல்முறை மேம்பாட்டுத் திட்டம், 2014.'
அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில்
ஒரு கையெழுத்து.
தமிழில்.

இந்தக் கட்டடத்தில் தமிழில் கையெழுத்து வைக்கிறவன்
ஒருவன்தான்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒறெஸ்ற் தன் துண்டிலிருந்து
ஒலிவ் காய்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
அந்த வருடம் எனக்கொரு கேடயம் தந்திருந்தார்கள்.
மேசையில் தாள் பறக்காமல்
அதைத்தான் பாரமாய் வைத்திருக்கிறேன்.
மஞ்சள் தாள்கள்தான், பெரும்பாலும்.

மார்க்கரை உதறினேன். கொஞ்சம் மை வந்தது.
கடைசி ஏனுக்கு நேரே என் பெயரை எழுதினேன்,
க-வை வழக்கம்போல வளைத்து.
"எப்பிடி எழுதுறாய்? காட்டு," என்றாள் எர்லிண்டா.
காட்டினேன்.

பிறகு நடந்தது பெரிதாய் ஒன்றுமில்லை.
ஐம்பது டொலருக்குக் கீழே கையெழுத்தே வேண்டாம் என்றானது.
பாகத் தட்டை ஒறெஸ்ற்றின் கைக்கெட்டிய தூரத்துக்கு இழுத்தோம்.
புதிய தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
ஒரு வருடத்தில் இது காலாவதி;
மேலும் வேண்டுமானால் ஏன் என்று எழுதுக.

ஏப்ரலில் பதினாலு நாள். பன்னிரண்டு இல்லை.
அறிக்கையில் எங்கள் கட்டத்துக்குப் பச்சை கிடைக்கவில்லை,
செம்மஞ்சள் அடித்தார்கள்.

அன்று பிராண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஏசினார்:
கதிரை சொன்ன திகதிக்கு முன்னமே வந்துவிட்டதாம்,
வாசற் சரிவில் இன்னும் பனி அள்ளவில்லையாம்,
இனி அவர் என்ன செய்வதாம்?
முறைப்பாடு என்று பதிந்துகொண்டேன்.
ஏன் என்று கேட்க வாய் உன்னியது.
கேட்கவில்லை.