பூஜ்ஜியம் நாள்

மென்பொருளில் மைல்கல்லுக்குக்
கால அளவு கிடையாது.
வரிசை நாற்பத்தேழு: பம்ப் ஓடத் தொடங்குதல்.
நாட்கள்: 0.
பட்டையாகக்கூட நீளாது,
முனையில் நிற்கவைத்த ஒரு சதுரம்,
சீட்டுக்கட்டின் டைமன் மாதிரி.

ஓ.டி.யில், உப்பனாற்றங்கரையில்,
ஆறு தெருவின் மழைநீரை இழுத்து
ஆற்றில் விடப்போகும் பம்ப் ஹவுஸுக்கு
நான்தான் திட்டமிடல் பொறியாளர்.
கொத்துவேலை பச்சை. குழாய் பச்சை.
மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வந்து
தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் பச்சை.
நாற்பத்தாறு மட்டும்
ஆவணியிலிருந்து சிவப்பு:
மின் இணைப்பு. பொறுப்பு: பிறர்.

நாற்பத்தாறு முடியாமல் நாற்பத்தேழு தொடங்காது
என்று நான்தான் அம்புக்குறி போட்டேன்.
போடாவிட்டாலும் அப்படித்தான்.

தள்ளுவது சுலபம்.
பட்டையின் வாலைப் பிடித்து இழுத்தால்
செப்டம்பர் பன்னிரண்டு
செப்டம்பர் இருபத்தாறாகும்.
பின்னால் நிற்பதெல்லாம்
முணுமுணுக்காத ரேஷன் வரிசையாய்
நகர்ந்துகொள்ளும்.
பழைய தேதி மட்டும் அழியாது;
சாம்பல் கோடாக அடியில் கிடந்து
பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஆறு தெருவில் நாலாவது என்னுடையது.
இதற்கு மென்பொருளில் கட்டம் இல்லை.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா
மீன் கழுவிய தண்ணீரைக் கொட்ட வரும்போது கேட்பாள்:
"எப்ப ஓடும்?"
முதல் தடவை தேதி சொன்னேன்.
இரண்டாம் தடவையும் தேதி சொன்னேன்.
மூன்றாம் தடவை
"மழைக்கு முன்னாடி."
தேதிக் கட்டத்தில் இதைத் தட்டினால்
தவறான உள்ளீடு என்கிறது.
அக்கா தவறென்று சொல்லவில்லை.
ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்
பிரிட்ஜின் நான்கு காலுக்கும்
ஒவ்வொரு செங்கல் கூட்டினாள்.
இப்போது மூன்றடுக்கு.
நான் பார்த்ததிலேயே
பொய் சொல்லாத முன்னேற்ற அறிக்கை அதுதான்.

(சைட் கணக்கில் பன்னிரண்டு செங்கல் குறையுது
என்றார் சூப்பர்வைசர் ஞானப்பிரகாசம்.
சேதாரத்தில் எழுதச் சொன்னேன்.)

திங்கள்தோறும் சென்னைக்கு அறிக்கை போகும்.
தொண்ணூற்றாறு சதவீதமா, அருமை என்று
கட்டைவிரல் அனுப்புவார் ஸ்ரீவத்சன் சார்.
தொண்ணூற்றாறு சதவீத பம்ப்
எத்தனை சொட்டு இழுக்கும் சார்
என்று தட்டி,
அழித்தேன்.

மின்வாரிய அலுவலகத்தில்
லைன்மேன் கலிவரதன்
சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியைப்
பிரித்துக் காட்டினார்.
உள்பக்கம் பேனாவில் பதினோரு இடம்.
அடித்தது நான்கு. நாங்கள் ஒன்பதாவது.
"எனக்கும் ஆளு ரெண்டு பேருதாம்மா."
அந்த அட்டையில் அம்புக்குறி இல்லை, நிறம் இல்லை.
அவர் கணக்கில்
நாங்கள்தான் பிறர்.

ஐப்பசிக்கு எந்த வரிசையும் ஒதுக்கவில்லை.
அது மட்டும்
சொன்ன நேரத்துக்கு வந்தது.
தெருவில் கணுக்கால். பிறகு கெண்டைக்கால்.
ஒன்பதாம் நாள் இரவு, மழை கொஞ்சம் விட்டபோது,
டிரான்ஸ்பார்மர் அடியில் கலிவரதன்,
டார்ச் பிடித்தபடி ஞானப்பிரகாசம்,
குடை இருந்தும் நனைந்துபோய் நான்.
மூன்று நாற்பதுக்கு
மோட்டார் ஒருமுறை செருமியது.
அப்புறம் ஒரே சத்தம்.
சல்லடையில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு
வந்து ஒட்டிக்கொண்டது.

போனைத் திறந்து நாற்பத்தேழைத் தொட்டேன்.
சதுரம் பச்சையானது.
நாட்கள்: 0.
சாம்பல் கோட்டுக்கும் அதற்கும் நடுவே
நாற்பத்துநான்கு.

காலையில் அக்கா
வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
"ஓடுது போல."
"ஓடுதுக்கா."
எட்டிப் பார்த்தேன், பிரிட்ஜ் அதே உயரத்தில்.
"கார்த்திகை இருக்கில்ல" என்றாள்,
துடைப்பத்தை நிறுத்தாமல்.

நாற்பத்தெட்டு ஒப்படைப்பு.
அதோடு பட்டியல் முடிகிறது,
கீழே வெறும் கட்டங்கள்.
நாற்பத்தொன்பதில் தட்டினேன்:
செங்கல் இறக்குதல்.
பொறுப்பு: ரோஸ்லின்.
தேதிக் கட்டத்தில்
கர்சர்
துடித்துக்கொண்டிருக்கிறது.