சாட்சிக்குத் தகுதி

தெருவுக்கு அந்தப் பக்கம்
வக்கீல் லாக்ஹார்ட் ஜன்னலில் நின்று கை காட்டினால்
கல்லாவைப் பூட்டிவிட்டுப் போவேன்.
பதினொரு வருஷத்தில் நாற்பத்திரண்டு உயில்கள்.
எதிலும் எனக்கு ஓர் ஆணிகூடக் கிடையாது.
கிடையாது என்பதுதான் என் தகுதி.
பெறுகிறவர் சாட்சி சொல்லக் கூடாது,
சாட்சி சொல்கிறவர் பெறக் கூடாது.
சஸ்காச்சுவனில் சட்டம் அப்படி.

இன்றைக்கு ஓரஸ்ட் ஹவ்ரிலுக்.
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டாமல்
அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார்.
இன்னொரு சாட்சி தபால் நிலையத்து லெஸ்டர்;
அவனுக்கு விக்கல்.

சாட்சிகள் உயிலைப் படிக்க வேண்டியதில்லை.
இவர் உரக்கவே படித்தார்.
வீடு மகனுக்கு. "விற்றுவிடுவான், விற்கட்டும்."
பியானோ மகளுக்கு. "ஏழு வருஷமாய்ப் பேச்சில்லை."
"பியானோவுக்கா?" என்றான் லெஸ்டர்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து ஓரஸ்டே சிரித்தார்.

பிறகு கிழக்கு நிலம், முந்நூற்று இருபது ஏக்கர்:
குத்தகைப் பணம் வருஷா வருஷம்
ஊர் ஆம்புலன்ஸுக்கு,
ராத்திரி ஓட்டுநரின் சம்பளத்துக்கு மட்டும்.
பெயர்ப்பலகை கூடாது.
"பொதுவாக எழுதினால் அவர்களுக்கு வசதி" என்றாள் வக்கீல்.
"ராத்திரிக்கு" என்றார்.

ஸ்டெஃபானியா விழுந்தது ராத்திரி இரண்டு மணிக்கு.
வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது.
ஐம்பத்தைந்து நிமிடம்.
அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.
மறுநாள் காலை என் கடைக்கு வந்து
வாசல் விளக்குக்கு ஒரு பல்பு வாங்கினார்.
இருட்டில் வீட்டு எண் தெரியவில்லையாம் அவர்களுக்கு.
மறுநாள்.
பல்பு.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர்.
நானும் ஆணியை நிறுத்து விற்கிறவள்தான்.
ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு எத்தனை ஏக்கர் என்று நிறுக்க
என்னிடம் தராசு இல்லை.

கையெழுத்துக்கு முன்னால் பேனா நின்றது.
"அந்த இருபதடி ஏணி இருக்கிறதே,
அது வெர்னாவுக்கு."
வக்கீல் கண்ணாடியைக் கழற்றினாள்.
"அப்படியானால் வெர்னா எழுந்து போக வேண்டும்.
முடிதிருத்துகிறவரைக் கூப்பிட வேண்டும்.
அவர் கடையில் இப்போது கூட்டம்."
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
முதல் தடவையாக ஓர் உயிலில் என் பெயர்
அடியில் இல்லாமல்
உள்ளே வர இருந்தது.

எழுத வேண்டாம் என்றேன்.
கடையில் ஒன்பது ஏணிகள் விலைபோகாமல் நிற்கின்றன,
அதனால் இருக்கலாம்.
அந்தக் கை நடுங்கி நடுங்கி எழுதும்போது
பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்,
அது முடிதிருத்துகிறவராக இருக்க வேண்டாம்
என்று தோன்றியதாலும் இருக்கலாம்.
ஹவ்ரிலுக்கின் கடைசி எழுத்து
கோடாகி மேசை விளிம்புவரை போயிற்று.
லெஸ்டர் விக்கலோடு கையெழுத்திட்டான்.
நான் தேதி போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கப் போனால்
சுவரில் சாய்ந்து நிற்கிறது ஏணி.
சீட்டு எதுவும் இல்லை.
நாலாவது படி உடைந்து, கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது.
பனியில் டிராக்டர் தடம்,
வந்ததும் திரும்பியதும்.
பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்தப் படியை நான் இன்னும் மாற்றவில்லை.
மூன்றிலிருந்து ஐந்துக்குக் காலை எட்டி வைக்கிறேன்.
மதியம் ஜன்னலில் லாக்ஹார்ட் கை காட்டுகிறாள்.
இறங்கி வந்து
கல்லாவைப் பூட்டுகிறேன்.