பின்பாதி

சுக்டிடிக் கடையில் ஜோகியா
அகலமான டயர் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினான்.
'பார், கரடி மாதிரி!'
கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஜோகியா,
நான் உஷ்குலிக்கு மாவு ஏற்றிப் போகிறவள்.

அகலமானது பனிமேல் மிதக்கும்.
மிதந்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.
ஒல்லியாய், அழகில்லாமல்,
பனியைக் கிழித்துப்போய்த் தரையைத் தொடுகிற ஒன்று போதும்.
மூலையில் தூசியோடு கிடந்ததை அழுத்திப் பார்த்தேன்.
விரல் விறைக்கிற அந்தக் குளிரிலும்
ரப்பர் நகத்துக்கு இடம் கொடுத்தது.
பள்ளங்களுக்கிடையே ஆணிகள், எண்ணவில்லை.

பணம் மூன்றுக்குத்தான் இருந்தது.
'முன்னால் இரண்டு போதுமே' என்றான்.
போன டிசம்பரில் முர்சகானும் அதையேதான் சொன்னான்.
வளைவில் வண்டியின் முன்பாதி திரும்பியது,
பின்பாதி திரும்பவில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.
அவனுடையது. இன்னும் ஓடுகிறது.
ஜோகியா அதைத் தொடாமல்
நான்காவதை எடுக்க உள்ளே போனான்.
நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

மெஸ்தியாவரை தார்ச்சாலையில்
சோளம் பொரிவதுபோல் ஆணிகள் ஒரே இரைச்சல்.
ரேடியோகூடக் கேட்கவில்லை.
கணவாய்க்குக் கீழே சட்டென்று சத்தம் நின்றது.

பனி.

முதல் வளைவில் கியரைக் குறைத்தேன்.
பின்பாதியும் கூடவே வந்தது.