நட்சத்திரக் குறி

வருஷத்துக்கு நான்கு முறை புத்தகம் வரும்.
அப்படித்தான் சொல்வோம், புத்தகம் என்று.
கதை இருக்காது.
சிகாகோவில் எந்த நிலையத்தை
எத்தனை பேர் கேட்டார்கள் என்று
புள்ளி வைத்து எழுதிய பட்டியல்.
அதை வாசித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதவர்களை
எனக்குத் தெரியும்.

ஆற்றோரம் இருபத்தோராவது மாடியில்
6.1 வாங்கியவன்
ஃபைல் அலமாரிமேல் ஷாம்பெயின் பீய்ச்சினானாம்.
எங்களுக்கு 0.4.

சிசரோவில் டயர்க் கடைக்கு மேலே இருந்தோம்.
டயலின் வலது ஓரம்,
அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.
பொழுது சாய்ந்தால் சக்தியைக் குறைக்கவேண்டும், சட்டம்.
டிசம்பரில் நாலேகால் மணிக்கே
எங்கள் குரல் ரயில் பாலத்தைத் தாண்டாது.
அந்தக் குரலைத்தான் நான் விற்றேன்,
முப்பது விநாடி ஆறு டாலர்,
மெத்தைக் கடைக்கும் பூட்டு ரிப்பேர்க்காரனுக்கும்.

நள்ளிரவு முதல் ஐந்து வரை ஓசெல் டாட்டம்.
இசைத்தட்டின் மறுபக்கம் மட்டுமே போடுவான்.
முன்பக்கத்தை ஊரே போடுகிறதே மிஸ் வெர்னா,
இதை யார் கேட்பார்கள், என்பான்.
அதுதான் என் கேள்வியும்.
பருவநிலை அறிக்கைக்கு
ஜன்னலைத் திறந்து கையை நீட்டுவான்.
"குளிர்" என்பான்.
அவ்வளவுதான் அறிக்கை.

எண்பத்தொன்று வசந்தத்தில்
புத்தகம் வந்தது.
அந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும்
1.3.
அச்சுப்பிழை என்று நினைத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
முதலாளி ஹால்வர்சன் ஆளுக்கொரு பன்றித்தொடை கொடுத்தார்.
நான் விலையை ஒன்பது டாலர் ஆக்கினேன்.
ஓசெல் புது சட்டை வாங்கினான்.
ரேடியோவுக்கு எதற்குச் சட்டை?
கேட்கவில்லை நான்.

ஆனால் தூக்கம் வரவில்லை எனக்கு.
கணக்குப் பார்ப்பவர்களின் ஊருக்கே போனேன்,
ஒரு பகல் ஒரு இரவு பஸ்ஸில்.
ஜன்னலில்லாத அறை. பென்சில் மட்டும் அனுமதி.
பெட்டி பெட்டியாக டைரிகள்:
ஒரு வாரம் என்ன கேட்டாய், எழுது என்று
ஒரு டாலர் நோட்டை வைத்து
வீடுகளுக்கு அனுப்பித் திரும்பி வந்தவை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
ஒரு டைரி என்றால் இரண்டாயிரம் பேர்.

எங்கள் சோறு கிடைத்தது.
பெண், ஐம்பத்திரண்டு வயது, குக் கவுண்டி.
பெயரை மறைத்திருந்தார்கள்.
ஏழு இரவும் பன்னிரண்டிலிருந்து ஐந்து,
ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள், நாங்கள், நாங்களே.
கடைசிப் பக்கம் கருத்து எழுத இடம்.
சாய்ந்த கையெழுத்தில்:
"பிப்ரவரியிலிருந்து குமிழ் உடைந்து கிடக்கிறது.
வேறு எதுவும் வருவதில்லை.
இப்போது இந்த ஆள் பழகிப்போய்விட்டான்.
நேற்று குளிர் என்றான். குளிர்தான்."

நான் சிரித்ததில்
மேற்பார்வையாளர் தலைதூக்கிப் பார்த்தார்.
பிறகு அதே பக்கத்தை மறுபடி வாசித்தேன்.
பென்சிலை எடுத்தேன், எதையும் குறிக்கவில்லை.

ஓசெலிடம் சொல்லவில்லை.
என்ன சொல்வது?
உன் இரண்டாயிரம் பேரும்
ஒரே சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றா?

இலையுதிர்காலப் புத்தகத்தில் அவளுக்கு டைரி போகவில்லை.
எண்ணே இல்லை எங்களுக்கு.
அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்பதற்கு
ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள்.
ஓசெல் அதைத் தொட்டுப் பார்த்தான்.
"கடைசியில் என்னையும் ஸ்டார் ஆக்கிவிட்டார்கள், மிஸ் வெர்னா."
தை மாதம்கூடப் பார்க்காமல் நிலையத்தை விற்றார் ஹால்வர்சன்.
வாங்கியவர்கள் இருபத்துநாலு மணி நேரமும்
எந்தச் சாலையில் நெரிசல் என்று சொன்னார்கள்.
அதற்கு 0.9.

இப்போது இடுப்பில் ஒரு சின்னக் கருவி மாட்டிவிடுகிறார்களாம்.
காதில் விழுவதையெல்லாம் அதுவே குறித்துக்கொள்கிறதாம்.
பொய் சொல்லாது. நல்லது.
கடைசிப் பக்கம் மட்டும் கிடையாது அதில்.

அந்த 6.1 யார் என்று இன்று கேட்டால்
பெயர் வரமாட்டேன் என்கிறது.
எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்:
அந்தக் குமிழை
யாராவது சரிசெய்து கொடுத்தார்களா?
கொடுத்தபிறகு
அதை அவள் திருப்பினாளா?